அம்மா சுவரைப் பிடித்து நடக்கிறார்... மூளை ஸ்கேன் எடுக்க வேண்டுமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 73 வயது. சர்க்கரை, பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறார். இதுவரை விழுந்ததில்லை. ஆனால் சில மாதங்களாக வீட்டுக்குள்ளேயே சுவரையும் மேஜையையும் தொட்டுத் தொட்டு நடக்கிறார். தெரிந்த ஒருவர் முழு உடல் பரிசோதனை பேக்கேஜும் மூளை ஸ்கேனும் எடுக்கச் சொல்கிறார். எடுக்கலாமா? - வாசகி, கும்பகோணம்

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ஸ்கேனுக்கு ஆள் அனுப்பினால் கமிஷன் உண்டு என்பது ஊரறிந்த விஷயம். பேக்கேஜில் எத்தனை ரத்தப் பரிசோதனை இருந்தாலும், உங்கள் அம்மாவை எழுந்து நடக்கச் சொல்லி யாரும் பார்க்கப்போவதில்லை. அவருக்குத் தேவை அதுதான்.

அதை நீங்களே வீட்டில் பார்க்கலாம். கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்காரவைத்து, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு எழச் சொல்லுங்கள். முடியவில்லை என்றால் தொடைத் தசை பலமிழந்திருக்கலாம். அப்புறம் எழுந்து 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரட்டும். இதற்கு 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் அபாயம் இருக்கிறது. திரும்பும்போது நன்றாகக் கவனியுங்கள். நேராக நடக்கும்போது தெரியாத தடுமாற்றம் அங்கேதான் தெரியும். நடக்கும்போது பேச்சுக் கொடுங்கள். பதில் சொல்ல நின்றுவிடுகிறார் என்றால் அதுவும் ஓர் அறிகுறி. எல்லாவற்றுக்கும் நீங்கள் பக்கத்திலேயே, பிடிக்கும் தூரத்தில் நிற்க வேண்டும்.

மூட்டுவலிக்காரர்கள் விஷயம் மட்டும் வேறு. அவர்கள் கையூன்றி எழுவது பெரும்பாலும் வலிக்குப் பயந்து. அம்மாவுக்கு முட்டிவலி இருந்தால், ‘ஏன் கையை ஊன்றுகிறாய், வலிக்கிறதா, கால் தூக்கவில்லையா?’ என்று கேட்டுவிடுங்கள். உயரமான கட்டிலில் இருந்தும் எழவைத்துப் பாருங்கள். அங்கே முட்டி அதிகம் மடங்காது. அங்கிருந்தும் எழ முடியவில்லை என்றால் வலி மட்டும் காரணமாக இருக்காது. வலி என்றால் முதலில் வலிக்கு வைத்தியம். ஆனால் ‘வெறும் மூட்டுவலிதான்’ என்று விட்டுவிடாதீர்கள். வலிக்காக வருடக்கணக்கில் மடக்காத காலில் தசையும் கரைந்துபோயிருக்கும். அப்போது இரண்டையும் கவனிக்க வேண்டும்.

அடுத்தது பிரஷர். நம் ஊர் ஓ.பி.யில் உட்காரவைத்து ஒரு தடவை பார்ப்பார்கள், சீட்டில் எழுதுவார்கள், அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள். நிற்கவைத்துப் பார்க்க நேரமில்லையாம்! ஐந்து நிமிடம் படுக்கவைத்துப் பார்த்து, எழுந்து நின்றபின் முதல் நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் பார்க்க வேண்டும். படுத்திருந்தபோது இருந்ததைவிட மேல் அளவு 20-ஓ கீழ் அளவு 10-ஓ அதற்கு மேலோ குறைந்தால், ராத்திரி பாத்ரூமுக்கு எழும்போது கிறுகிறுத்து விழ வாய்ப்புண்டு. பிரஷர் மாத்திரை, தூக்க மாத்திரை, சளி மாத்திரை என்று அவர் சாப்பிடும் எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் காட்டுங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.

சர்க்கரை இருப்பதால் பாதத்தையும் பாருங்கள். செருப்பு கழன்றது தெரியாமல் நடக்கிறாரா? அப்படியானால் பாதத்தில் உணர்வு குறைந்திருக்கிறது. உடனே ‘நரம்பு ஊசி’ என்று பத்து ஊசி கோர்ஸ் போட ஒருவர் கிளம்பிவருவார். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைப் பல வருடம் சாப்பிட்டவர்களுக்கு, நரம்புக்கு வேண்டிய வைட்டமின் பி12 குறையக்கூடும் என்பது உண்மைதான். அதை ரத்தத்தில் பார்த்துவிட்டு, குறைந்திருந்தால் போடட்டும்.

மயங்கி விழுந்தாலோ, திடீரென்று ஒரு பக்கம் பலமிழந்தாலோ, பேச்சுக் குழறினாலோ இந்தச் சோதனைகளை எல்லாம் செய்துகொண்டிருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரி.

மற்றபடி அவருக்கு வேண்டியது காலுக்கும் சமநிலைக்குமான பயிற்சி. விழுந்து இடுப்பு உடைந்து அட்மிட் ஆனால் காப்பீடு பணம் தரும். விழாமல் இருக்க பிசியோதெரபிக்குப் போனால் பெரும்பாலும் தராது. இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்வது? 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து பிசியோதெரபி தரும் ஏற்பாடு இருக்கிறது. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலரிடமோ கேளுங்கள். ஒரு தடவை கேட்டு வரவில்லை என்றால் மறுபடி கேளுங்கள்.