அரிக்கும் தோலுக்கு மரப்பட்டைக் கஷாயம் உதவுமா?

தோல் சிவந்து அரிக்கும்போது மரப்பட்டைக் கஷாயத்தால் கழுவுவதில் உண்மையிலேயே பயன் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். ஓரளவு உண்டு. ஆல், மருதம், கருவேலம் ஆகியவற்றின் பட்டைகளில் டானின் என்னும் துவர்ப்புப் பொருள் மிகுந்திருக்கிறது. அது தோலின் மேற்பரப்பிலுள்ள புரதங்களோடு பிணைந்து அவற்றை இறுகச் செய்வதால், நீர் கசியும் இடம் மெல்ல உலர்ந்து எரிச்சலும் சற்றுத் தணிகிறது. பட்டைத் துண்டொன்றை நாவில் வைத்தால் வாய் உலர்ந்து இழுப்பதுபோல் தோன்றுவதும் இதே வினைதான். கஷாயத்தை வடிகட்டி, நன்றாக ஆறிய பிறகே மெல்லிய துணியில் நனைத்து 10 நிமிடம் போட்டுவைக்க வேண்டும். சூடாக ஊற்றினால் அரிப்பு கூடும். வறண்டு வெடித்த தோலுக்கு இது ஆகாது, மேலும் உலர்த்திவிடும். பலரும் புகழும் வேப்பெண்ணெயை அப்படியே தடவுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன், ஏனெனில் சிலருக்கு அதுவே தடிப்பை உண்டாக்குகிறது. சீழோ காய்ச்சலோ இருந்தால் மருத்துவரிடமே செல்ல வேண்டும்.