அப்பாவின் குறட்டையும் காலில் ரத்தக்கட்டியும்

அம்மாப்பேட்டைத் தம்பிக்கு, அப்பாவின் கெண்டைக்காலில் ரத்தம் உறைந்திருக்க, மருத்துவர் தூக்கப் பரிசோதனையும் எழுதியிருக்கிறார், காலுக்கும் குறட்டைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டிருந்தீர்கள். இருக்கிறது. பலத்த குறட்டை, தூக்கத்தில் மூச்சு தடைபடும் கோளாறின் (ஸ்லீப் ஆப்னியா) அடையாளமாக இருக்கலாம். தூக்கத்தில் 10 விநாடி, அதற்கு மேலும் மூச்சு நின்று நின்று வந்தால், ஒவ்வொரு முறையும் ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும். உடம்பு பதறி அட்ரினலினைச் சுரக்கும். இரவெல்லாம் இதே கூத்து என்றால் ரத்தக்குழாயின் உட்சுவர் கெடும், ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் சட்டென்று ஒட்டிக்கொள்ளும். அதற்காகப் பழி முழுவதையும் குறட்டை மேல் போட முடியாது. உடல் பருமன் இரண்டுக்குமே காரணம். நாள் முழுக்கக் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார் என்கிறீர்களே, அதுவும் சேரும்.

பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். மணிக்கு 30 தடவைக்கு மேல் மூச்சு தடைபட்டால் தீவிர நிலை. பெரும்பாலும் சிபாப் (CPAP) கருவி எழுதுவார்கள், தூங்கும்போது முகமூடி வழியாகக் காற்றைச் செலுத்தி மூச்சுக்குழல் அடைபடாமல் வைத்திருப்பது அது. கருவி வந்துவிட்டதே என்று ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம், கட்டியைக் கருவி பார்த்துக்கொள்ளாது.

அப்புறம், ஏற்காட்டில் போய்த் தங்குவதை மருத்துவரைக் கேட்டு முடிவு செய்யுங்கள். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் ஆக்சிஜன் இன்னும் இறங்கலாம். திடீரென்று மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, இருமலில் ரத்தம் வந்தாலோ விடியட்டும் என்று இருக்காமல் உடனே 108.