விழுங்கிய பிழைகள் – கடிதம்

அன்புள்ள அண்ணா,

ஆட்டோடிவிஎம்மில் (ஒரு கணக்கை ஓட்டும் பல வழிகளை முயன்று வேகமானதைத் தேடும் கருவி) ஒரு நியூரல் நெட்வொர்க் மாடலை ஜிபியுவுக்காக ட்யூன் செய்கிறேன். அது முயலும் வழிகளில், அதாவது ஷெட்யூல்களில், பாதிக்குமேல் பிழையில் முடிகின்றன. நடுவில் நிற்காமலிருக்க பைத்தான் எழுப்பும் எல்லா எக்செப்ஷனையும் (பிழை அறிவிப்பையும்) ஒரே இடத்தில் பிடித்து, ஒன்றும் செய்யாமல் தாண்டச் சொல்லும் ‘பாஸ்’ போட்டுவிட்டேன். இப்போது இரவு முழுக்க ஓடுகிறது. தேடலுக்கு, நல்லவற்றைக் கலந்து புதியதை உண்டாக்கும் ஜெனடிக் அல்காரிதம் நல்லதா, அளந்தவற்றிலிருந்து கற்று வேகத்தைக் கணிக்கும் எக்ஸ்ஜிபூஸ்டா? பைத்தானை விட்டு சி++க்குப் போகலாமா?

ரா.

அன்புள்ள தம்பி,

எக்ஸ்ஜிபூஸ்ட். 2018இல் வந்த ஆட்டோடிவிஎம் கட்டுரையிலேயே அந்தப் போட்டி முடிந்துவிட்டது. சி++ வேண்டாம், நேரம் போவது கம்பைல் செய்து ஓட்டி அளப்பதில்.

அந்த ‘பாஸ்’ விஷயத்துக்கு வருகிறேன். எவ்வளவு சாதாரணமாக எழுதிவிட்டீர்கள்!

128க்கு 64 அளவில், ஃப்ளோட்32இல், இரண்டு டைல்களை (மேட்ரிக்ஸ் துண்டுகளை) ஜிபியுவுக்குள் இருக்கும் சிறிய, வேகமான ஷேர்டு மெமரியில் வைக்கச் சொல்கிறது ஒரு ஷெட்யூல். ஒவ்வொன்றும் 32 கேபி, மொத்தம் 64. என்விடியாவின் கூடாவில் ஒரு பிளாக்குக்கு, அதாவது சேர்ந்து ஓடும் த்ரெட் கூட்டத்துக்கு, சாதாரணமாகக் கிடைப்பது 48. இடம் பற்றாது, அவ்வளவுதான். இதைப் பிழை என்றே சொல்ல மாட்டேன்; தேடலுக்குக் கிடைத்த ஒரு பதில் இது. எக்ஸ்ஜிபூஸ்ட் ட்யூனர் தோற்றதையும் ‘வேகம் 0’ என்று மாடலுக்குச் சொல்லிக்கொடுக்கும். நீங்கள் அதை விழுங்கினால் தேடல் அதே மூலையில் போய் மறுபடி முட்டும். ஜிபியு நிரல் எழுத உதவும் டிரைட்டானும் இடம் பற்றாத கான்ஃபிகரேஷனுக்கு முடிவிலி நேரம் என்று குறித்துக்கொண்டு அடுத்ததைப் பார்க்கிறது. ஆனால் பெயர் சொல்லிச் சில எக்செப்ஷன்களை மட்டும்தான் அப்படிப் பிடிக்கும். நீங்கள் எல்லாவற்றையும் பிடிக்கிறீர்கள்.

சட்டை பற்றாமல் போவதும் கடையே பூட்டிக் கிடப்பதும் ஒன்றா?

முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு சீனியர் இப்படித்தான் எழுதி வைத்து, அதற்கு ‘ஸ்டெபிலிட்டி’ என்று பெயரும் வைத்திருந்தார். காலையில் வந்து பார்த்தால் ப்ராக்ரஸ் முழுதாக முடிந்திருக்கும். வரிக்கு வரி வேகம் 0.00/0.00 ஜிஃப்ளாப்ஸ். ராத்திரி, அளக்கும் போர்டு ரீஸ்டார்ட் ஆகி, அதில் வேலையை வாங்கி ஓட்டும் ஆர்பிசி சர்வர் எழுந்திருக்கவே இல்லை. அதைக் கேட்டதற்கு நான் குறை சொல்லி என்று பெயர் வாங்கினேன். இன்னும் எரிச்சல்தான்.

ஆட்டோடிவிஎம்மில் ஒவ்வொரு முடிவோடும் ஒரு பிழை எண் வருகிறது. ஷெட்யூலை உருவாக்க முடியவில்லை, கம்பைல் ஆகவில்லை, ஓடும்போது விழுந்தது, நேரம் கடந்தது, விடை தப்பு என்று தனித்தனியாக. இடம் பற்றாதது முதல் வகை; அதை எண்ணிக்கொண்டு தாண்டிப் போங்கள். முதல் தொகுதி முழுவதும் ஒரே கம்பைல் பிழையில் விழுந்தால் அங்கேயே நிறுத்துங்கள். பெரும்பாலும் டார்கெட் (எந்தக் கருவிக்காகக் கம்பைல் செய்கிறோம் என்ற அமைப்பு) தப்பாக இருக்கும், இல்லை கம்பைலரின் பாத் கிடைத்திருக்காது. பிழைச் செய்தியை ஃபைலில் எழுதுங்கள், முதல் இருபது வரியையாவது படியுங்கள்.

அப்புறம், விடை சரிதானா என்று சரிபார்க்கிறீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. சரிபார்க்காவிட்டால் தப்பான விடையைத் தரும் ஷெட்யூலே எல்லாவற்றையும்விட வேகமாக ஓடி முதலிடத்தில் வந்து உட்காரலாம்; எக்செப்ஷனே வராது. இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.