மூன்று மாதத்தில் ஜெர்மன் பி2 வருமா?

கேள்வி: பி.எஸ்சி. நர்சிங் முடித்து, மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஏழு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். வயது 31. ஜெர்மனியில் வேலை வாங்கித் தருவதாக ஒரு ஏஜென்ட் சொல்கிறார். ஏ1, ஏ2, பி1, பி2 என்று ஏறும் மொழி நிலைகளில், மூன்றே மாதத்தில் பி2 வரை கற்றுத் தருவார்களாம். மொத்தம் இரண்டரை லட்சம், முன்பணம் 50,000. பட்டச் சான்றிதழின் அசலையும் கேட்கிறார். இந்த வயதில் புது மொழி வருமா? ஒருவேளை போக முடியாமல் போனால் படித்தது வீணா? எப்படித் தொடங்குவது?

பதில்: முதலில் அசல் சான்றிதழ். கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் இந்த வாரமே கேட்டு வாங்குங்கள். விண்ணப்பத்துக்குச் சான்றொப்பமிட்ட நகலும் மொழிபெயர்ப்பும் போதும். ‘சரிபார்க்க வேண்டும்’ என்றால் நீங்களே எடுத்துப் போய்க் காட்டி, கையோடு திரும்ப வாங்கி வாருங்கள். அசலை ஒருவர் பீரோவில் பூட்டி வைப்பது நீங்கள் வேறு இடத்துக்குப் போய்விடக் கூடாது என்பதற்காகத்தான். பதினெட்டு ஆண்டுகளாக ஜெர்மன் சொல்லித் தருகிறேன். அசலைக் கொடுத்துவிட்டு என் முன்னால் அழுத பிள்ளைகளுக்குக் கணக்கில்லை.

அடுத்தது மூன்று மாதக் கணக்கு. பி2 நிலைக்கு வர 45 நிமிட வகுப்புகள் 600 முதல் 800 வரை தேவைப்படும் என்பது பொதுவான கணக்கு. 90 நாளில் அதை முடிக்க, ஞாயிறும் விடாமல் தினமும் ஏழு முதல் ஒன்பது வகுப்பு உட்கார வேண்டும். நைட் டியூட்டி பார்க்கும் உங்களால் முடியுமா? வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களுக்கு ஒன்றிலிருந்து ஒன்றரை வருடம் ஆகும். அதைத் தாமதம் என்று நினைக்காதீர்கள். மொழி மனதில் ஊற அவ்வளவு காலம் வேண்டும்.

31 வயது ஒரு தடையே இல்லை. உச்சரிப்பில் சில ஒலிகள் மெதுவாகத்தான் வரும், அவ்வளவுதான். தமிழ் தெரிந்தவருக்கு ஜெர்மனில் கிடைக்கும் வசதிகளை நம் வகுப்புகளில் யாரும் சொல்வதே இல்லை, எல்லாவற்றையும் ஆங்கிலம் வழியாகவே நடத்துகிறார்கள். ‘புளூட்ட்ருக்’ என்ற சொல்லைப் பாருங்கள். புளூட் என்றால் இரத்தம், ட்ருக் என்றால் அழுத்தம். நம் இரத்த அழுத்தம் அப்படியே இருக்கிறது. ‘வைல்’ (ஏனென்றால்) என்று காரணம் சொல்லத் தொடங்கினால் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசிக்குப் போய்விடும். ஆங்கிலத்திலேயே யோசிப்பவர்கள் இதில் மாதக்கணக்கில் தடுமாறுவார்கள், நமக்கோ வினை கடைசியில் வருவதுதான் இயல்பு. நீ, நீங்கள் என்ற வேறுபாடும் அங்கே உண்டு: டூ, ஸீ. நோயாளியிடம் ஸீ என்றுதான் பேச வேண்டும்.

உண்மையில் கஷ்டம் இரண்டு இடத்தில். ஒன்று, ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் முன்னால் அதன் பாலைக் காட்டும் டேர், டீ, டாஸ் என்ற சொற்களில் ஒன்று உண்டு. சொல்லைத் தனியாக மனப்பாடம் செய்யாமல் முதல் நாளிலிருந்தே அதோடு சேர்த்தே படியுங்கள். இன்னொன்று எண்கள். நூற்று முப்பத்தைந்தை அவர்கள் ‘நூற்று ஐந்தும் முப்பதும்’ என்ற வரிசையில் சொல்வார்கள். வகுப்பில் நான் 135-க்கு 85 என்று இரத்த அழுத்தத்தை வாசித்தால், முதல் மாதம் பாதிப் பேர் நோட்டில் 153-க்கு 58 என்று எழுதுவார்கள். வார்டில் இந்தத் தவறு நடந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மூன்று மாத வகுப்பில் இதற்கெல்லாம் யார் நேரம் கொடுப்பார்கள்?

இப்போது நான் மிகவும் பயப்படும் விஷயத்துக்கு வருகிறேன். அந்த ஏஜென்டிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “என்னை அனுப்பப்போவது அனர்கென்னுங் வழியிலா, ஆவுஸ்பில்டுங் வழியிலா?” அனர்கென்னுங் என்றால் உங்கள் நர்சிங் பட்டத்தை அங்கே அங்கீகரிப்பது. பொதுவாக பி2 கேட்பார்கள். பாடத்தில் குறை இருந்தால் அங்கே சில மாதப் பயிற்சியோ ஒரு தேர்வோ இருக்கும், முடித்ததும் முழுத் தகுதி பெற்ற செவிலியர் ஆவீர்கள். ஆவுஸ்பில்டுங் என்பது நர்சிங் படிக்காதவர்களுக்கான மூன்று வருடத் தொழிற்பயிற்சி. பயிற்சியாளர் ஊதியம்தான் வரும். பிளஸ் டூ முடித்த பிள்ளைக்கு நல்ல வழி. நான்கு வருடம் படித்து, ஏழு வருடம் ஐசியூவிலும் வார்டிலும் நின்ற உங்களை மறுபடி முதலாமாண்டில் உட்கார வைப்பது அநியாயம். ஆனாலும் ஆள் சேர்ப்பது சுலபம் என்பதால் அந்த வழியில் தள்ளிவிடுகிறார்கள். ஒப்பந்தம் ஜெர்மன் மொழியில் இருப்பதால் அங்கே இறங்கிய பிறகுதான் தெரிகிறது.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1983-ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதோடு ஜிஎஸ்டி. அதனால்தான் மிச்சத்தைப் ‘பயிற்சிக் கட்டணம்’ என்று எழுதிவிடுகிறார்கள். மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் அவருடைய பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்திலும் நேரில் போய் விசாரியுங்கள். ஊசி போடப் பதிவு கேட்கும் நாட்டில், ஜெர்மன் வகுப்பு என்று போர்டு மாட்ட யாரும் எதுவும் கேட்பதில்லை. ஏ2 தாண்டாதவர் பி2 நடத்துகிறார். நாம் பணம் கட்டுகிறோம்.

தேர்வு பற்றி ஒன்றை நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள், இதை மறைத்துத்தான் மறுபடி மறுபடி முழுக் கட்டணம் கறக்கிறார்கள். ஜெர்மன் மொழித் தேர்வு நடத்திச் சான்று தரும் கோதே நிறுவனத்தின் பி2 தேர்வில் வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதிகள். ஒவ்வொன்றிலும் 100-க்கு 60 எடுத்தால் போதும். கேட்டலில் 55 வாங்கிவிட்டீர்கள் என்றால் நான்கையும் திரும்ப எழுத வேண்டியதில்லை, கேட்டலுக்கு மட்டும் பணம் கட்டி எழுதலாம். மற்ற மூன்றில் பெற்ற தேர்ச்சி அப்படியே நிற்கும். பி1-க்கும் இதே முறைதான். ஏ1, ஏ2 தேர்வுகளுக்கு இது கிடையாது. அங்கே தவறினால் முழுசாகத்தான் எழுத வேண்டும். ‘பி2-வில் ஒரு பகுதி போனால் எல்லாம் போச்சு, கோர்ஸையே திரும்பச் சேருங்கள்’ என்று எவராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். கேள்வித்தாள் முன்கூட்டியே கிடைக்கும் என்பவரிடம் நின்று பேசவே வேண்டாம்.

போக முடியாவிட்டால் வீணா என்று கேட்டீர்கள். ஹைதராபாத் நிஜாம் மருத்துவ நிறுவனத்தில் மறதி நோயாளிகள் 648 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2013-இல் வெளியானது. ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசியவர்களுக்கு அந்த நோய் சுமார் நாலரை வருடம் தள்ளி வந்திருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிலும் அந்த வித்தியாசம் இருந்தது. ஆனால் அவர்கள் அந்த மொழிகளைப் பேசி வாழ்ந்தவர்கள். தேர்வுக்கு மட்டும் படித்து மறந்தால் அந்தப் பலன் வரும் என்று நான் சொல்ல மாட்டேன். நான் கண்ணால் பார்ப்பது வேறு. புது மொழியில் திக்கித் திணறிய செவிலியர், தமிழ் தெரியாத வடமாநிலத் தொழிலாளி படுக்கைக்கு வந்தால் பொறுமையாக, மெதுவாக, கை காட்டிப் பேசுகிறார்.

தொடங்குவதற்கு லட்சம் வேண்டாம். டாய்ச்சே வெல்லே ஒளிபரப்பு நிறுவனம் ஏ1 முதல் பி1 வரை வீடியோ பாடங்களை இலவசமாகவே தருகிறது. தினமும் 40 நிமிடம், டியூட்டிக்குப் போகும் முன். முதல் இரண்டு வாரம் கேட்டு, வாய்விட்டுத் திரும்பச் சொல்லுங்கள்; எழுத வேண்டாம். மூன்றாம் வாரத்திலிருந்து நீங்கள் எடுக்கும் பல்ஸ், பிபி, வெப்பநிலை எல்லாவற்றையும் மனதுக்குள் ஜெர்மனில் சொல்லிப் பாருங்கள். இரண்டு மாதம் இப்படிப் போனால் ஒரு நல்ல ஏ1 வகுப்பில் சேருங்கள். சென்னை நுங்கம்பாக்கம் மாக்ஸ் முல்லர் பவனில் (கோதே நிறுவனத்துக்கு இங்கே உள்ள பெயர்) ஆன்லைன் வகுப்பும் உண்டு. ஏ1 தேர்ச்சிச் சான்று உங்கள் கையில் வரும்வரை எந்த ஏஜென்டிடமும் கையெழுத்துப் போடாதீர்கள். அதற்குள் அவர் அவசரப்படுத்தினால், ‘சீட் போய்விடும்’ என்றால், போகட்டும் என்று விடுங்கள்.