சம்பளத்துக்குக் கீழே இருக்கும் வரிகளையும் படியுங்கள்

வணக்கம் அம்மா.

மகளுக்கு ஜெர்மனியில் ஒன்று, அமெரிக்காவில் ஒன்று என இரண்டு வேலை கையில் இருக்கிறது. அமெரிக்கச் சம்பளம் கூடுதல். ஜெர்மன் கம்பெனியின் ஆஃபர் லெட்டரில் 'பணியாளர் மன்றம்' என்று இருப்பதைப் பார்த்துவிட்டு, "யூனியன், ஸ்ட்ரைக் என்று வம்பில் மாட்டிக்கொள்வாளோ?" என்று கேட்கிறீர்கள். நானாக இருந்தால் அந்த வரியைத்தான் முதலில் அடிக்கோடிடுவேன்.

அது பணியாளர்கள் தங்களுக்காகத் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகளின் குழு. அங்கே அதற்கு பெட்ரீப்ஸ்ராட் என்று பெயர். 5 நிரந்தரப் பணியாளர்கள் இருந்தாலே தேர்தல் வைத்து அமைத்துக்கொள்ளலாம். தொழிற்சங்கம் வேறு, இது வேறு. ஸ்ட்ரைக் அறிவிக்கும் அதிகாரம் இதற்குக் கிடையாது. ஆனால் யாரையாவது வேலையை விட்டு எடுப்பதென்றால், நிர்வாகம் முன்கூட்டியே காரணத்தைச் சொல்லி மன்றத்தின் கருத்தைக் கேட்டாக வேண்டும். கேட்காமல் கொடுத்த நோட்டீஸ் செல்லாது. மன்றம் மறுத்தாலும் நிர்வாகம் நோட்டீஸ் கொடுக்கலாம், உண்மைதான். இருந்தாலும் ஒரு மேலாளரின் கோபம் மட்டும் போதாது என்றாகிவிடுகிறது, பாருங்கள். முதல் வேலைக்குப் போகிற பிள்ளைக்கு அது சின்ன விஷயமில்லை.

அமெரிக்காவில் மொன்டானா தவிர மற்ற மாநிலங்களில் 'அட்-வில்' முறைதான். பாகுபாடு போன்ற சட்டவிரோதக் காரணமாக இல்லாதவரை, காரணம் சொல்லாமலே அனுப்பிவிடலாம். எச்-1பி என்ற வேலை விசாவில் இருந்தால், வேலை போன பிறகு பொதுவாக 60 நாள்தான் அவகாசம். அதற்குள் வேறு வேலை, வேறு விசா, இல்லையென்றால் ஊர். சம்பளத்துடன் விடுமுறை தரச் சொல்லும் மத்தியச் சட்டமும் அங்கே இல்லை. ஜெர்மனியில் வாரம் 5 நாள் வேலைக்கு ஆண்டுக்குக் குறைந்தது 20 நாள் விடுமுறை சட்டப்படி உண்டு. தொழிற்சங்கமும் நிர்வாகத் தரப்பும் பேசிப் போடும் கூட்டு ஒப்பந்தங்கள் பலவற்றில் 30.

அமெரிக்கக் கடிதத்தில் 'எக்ஸெம்ப்ட்' என்ற சொல் இருக்கிறதா என்று மகளைப் பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால், வாரம் 40 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்த்தாலும் சட்டப்படியான ஒன்றரை மடங்கு ஓவர்டைம் கிடையாது. மாதச் சம்பளக் கணினி வேலைகள் பெரும்பாலும் இந்த வகைதான். கூடுதல் சம்பளத்தை உண்மையில் வேலை பார்க்கும் மணி நேரத்தால் வகுத்துப் பார்த்தால் இடைவெளி கொஞ்சம் சுருங்கலாம்.

அதற்காக ஜெர்மனியில் கவலையே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ப்ரொபேஷன் 6 மாதம் வரை போகலாம். அந்தக் காலத்தில் 2 வார நோட்டீஸ் போதும். பணிநீக்கப் பாதுகாப்புச் சட்டம் பிடிப்பதே 6 மாதம் கழித்துத்தான், அதுவும் 10 பேருக்கு மேல் வேலை செய்யும் இடங்களில். சின்ன ஸ்டார்ட்-அப் என்றால் எத்தனை பேர் என்று கட்டாயம் கேளுங்கள்.

நாளைக்கு வேறு நாட்டிலிருந்து ஆஃபர் வந்தாலும் இதே கண்ணோடு பாருங்கள். டென்மார்க்கிலும் ஸ்வீடனிலும் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் இல்லை என்றதும் பதற வேண்டாம். தொழிற்சங்கங்களின் கூட்டு ஒப்பந்தங்கள் அந்த வேலையைச் செய்கின்றன. ஐக்கிய அரபு அமீரகத்தில் தொழிற்சங்கத்துக்கு அனுமதியில்லை, புகார் போக வேண்டிய இடம் தொழிலாளர் அமைச்சகம்.

என் சாய்வு ஜெர்மனிப் பக்கம்தான், மகள் மொழி கற்கத் தயார் என்றால். பதில் கொடுக்கும் முன் இரண்டு கம்பெனிக்கும் அவளே மெயில் போடட்டும்: நோட்டீஸ் எத்தனை நாள், ஓவர்டைம் எப்படி, கூட்டு ஒப்பந்தம் பொருந்துமா. வாயால் சொன்னால் போதாது, எழுத்தில் வாங்கட்டும்.