கிணறு வறண்ட மாதங்களை எங்கள் நோட்டு மறந்த கதை

கேள்வி: செயற்கைக்கோள் வைத்தே நிலத்தடி நீரை அளக்கிற காலத்தில், கிணற்றுக்குள் கயிறு விட்டு அளப்பதால் ஆராய்ச்சிக்கு என்ன பயன்? எங்கள் தோட்டத்துக் கிணற்றை நான் ஒருவன் அளந்து எழுதி வந்தால் யாருக்காவது உதவுமா?

உதவும். ஆனால் எதை எழுதுகிறோம், எதை எழுதாமல் விடுகிறோம் என்பதைப் பொறுத்து. எங்கள் வீட்டில் 14 வருஷக் கணக்கு இருந்தது. அதில் முக்கியமான இடம் காலியாகக் கிடந்ததைக் கண்டுபிடிக்க வெளியாள் ஒருவர் வரவேண்டியிருந்தது.

எங்கள் தோட்டம் பல்லடத்துக்குத் தெற்கே, பிஏபி (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டம்) கிளை வாய்க்கால் ஒன்றின் பக்கத்தில் இருக்கிறது. வெட்டுக்கிணறு, சுவர் மேலிருந்து அளந்தால் 85 அடி. அப்பா 2005 தை மாதத்திலிருந்து ஒவ்வொரு தமிழ் மாதம் ஒண்ணாம் தேதியும் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்திலிருந்து எழுதிக்கொண்டு வந்தார். நைலான் கயிறு, அடிக்கு ஒரு முடிச்சு, நுனியில் பழைய அரைக்கிலோ படிக்கல். கல் தண்ணீரைத் தொடும் சத்தம் கேட்டதும் கயிற்றைச் சுவரோடு பிடித்துக்கொண்டு, மேலே இழுக்கும்போது முடிச்சுகளை எண்ணுவார். ஆராய்ச்சி என்ற நினைப்பெல்லாம் கிடையாது. இந்த மாதம் மோட்டாரை எத்தனை மணி நேரம் ஓட்டலாம் என்று தெரிந்துகொள்ளத்தான்.

2019-ல் அந்த நோட்டை நான் எக்செல்லில் ஏற்றினேன். வருஷவாரியாகச் சராசரி போட்டேன். 2014-க்கு 57 அடி. 2017-க்கு 54 அடி. அதாவது 2014-ஐ விட 2017-ல் தண்ணீர் 3 அடி மேலே நின்றிருக்கிறது! எனக்கே சிரிப்பு வந்தது. 2016 வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைவாகப் பெய்தது. அதற்கு அடுத்த கோடையில் நாங்கள் தென்னைக்கு லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றினோம். அந்த வருஷமா நல்ல வருஷம்? எங்கேயோ தட்டச்சுப் பிழை என்று நினைத்து அப்படியே விட்டுவிட்டேன்.

அப்புறம் நிலத்தடி நீர் பற்றி ஆய்வு செய்யும் மாணவி ஒருவர் எங்கள் பகுதிக் கிணறுகளைப் பார்க்க வந்தார். எக்செல்லை அவர் சட்டை பண்ணவே இல்லை. நோட்டைக் கேட்டு வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். 2017 மாசியில் விரலை வைத்து, "ஐயா, இங்கிருந்து ஆவணி வரைக்கும் ஏன் ஒண்ணுமே எழுதலை?" என்றார்.

"தண்ணியே இல்லையேம்மா. இல்லாததை என்னன்னு எழுதறது?"

"அதைத்தாங்க ஐயா எழுதியிருக்கணும்."

விஷயம் அவ்வளவுதான். அந்த வருஷம் நோட்டில் இருந்தது ஐந்தே எண்கள். தையில் 80 அடி. அப்புறம் ஏழு மாதம் வெற்றிடம். மழை வந்தபின் புரட்டாசியில் 58, ஐப்பசியில் 47, கார்த்திகையில் 41, மார்கழியில் 44. எக்செல் காலிக் கட்டங்களைத் தள்ளிவிட்டு, இருக்கிற ஐந்தை மட்டும் கூட்டி வகுத்து 54 என்று காட்டியிருக்கிறது. வறண்ட ஏழு மாதத்துக்கும் கிணற்றின் அடியான 85-ஐப் போட்டால் சராசரி 72 அடி. அதுவும் குறைந்தபட்சக் கணக்குதான், ஏனென்றால் தண்ணீர் 85-க்கும் கீழே எங்கே நின்றது என்று யாருக்கும் தெரியாது. ஆக மோசமான வருஷம் கணக்கில் நல்ல வருஷமாக மாறிவிட்டது. யாரும் பொய் எழுதவில்லை.

இது எங்கள் வீட்டு அசட்டுத்தனம் மட்டும் என்றால் இவ்வளவு நீட்டி எழுதியிருக்கமாட்டேன். தென்னிந்தியாவில் நிலத்தடி நீர் ஏறிவருகிறது என்று சில ஆய்வுகள் சொன்னபோது, இங்கே விவசாயிகள் கிணறு வற்றிப்போகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். இரண்டும் எப்படி உண்மையாக இருக்கமுடியும்? தேஜஸ்வி ஹோரா, வீணா ஸ்ரீனிவாசன், நந்திதா பாசு மூவரும் 2019-ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இந்த முரணைத்தான் எடுத்துக்கொண்டது. நீண்டகாலப் போக்கைக் கணக்கிடும்போது விடுபடாமல் அளவு இருக்கிற கிணறுகளை மட்டும் எடுத்துக்கொள்வது ஆய்வாளர்களின் வழக்கம். இடையில் அளவு விட்டுப்போன கிணறுகளைக் கழித்துவிடுவார்கள். ஆனால் அளவு விட்டுப்போனதற்குப் பல இடங்களில் காரணமே கிணறு வறண்டதுதான். வறண்டவை பட்டியலிலிருந்து விழுந்துவிட, தாக்குப்பிடித்த கிணறுகளை வைத்து ஒரு பிராந்தியத்துக்கே "பரவாயில்லை" என்று மதிப்பெண் போட்டதாக ஆகிவிடுகிறது. தேர்வுக்கு வராத பையன்களை விட்டுவிட்டு வகுப்புச் சராசரி போடுகிற மாதிரி. இதைப் படித்தபோது எங்கள் நோட்டின் அந்தக் காலிப் பக்கம்தான் கண்முன் வந்தது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். 2017 வைகாசியில் தோட்டத்தில் இரண்டு போர் போட்டோம். இரண்டிலும் 850 அடி வரை வெறும் புழுதிதான் பறந்தது. ஊரில் அந்தக் கோடையில் இப்படிப் போன போர்கள் எத்தனையோ. ரிக் வண்டிக்குக் கொடுத்த காசு எல்லார் கடன் கணக்கிலும் இருக்கிறது, துளைகள் எந்த நீர்க் கணக்கிலும் இல்லை.

சரி, செயற்கைக்கோளுக்கு வருகிறேன். 2002-ல் ஏவப்பட்ட கிரேஸ் என்ற இரட்டைச் செயற்கைக்கோள்கள் தண்ணீரைப் பார்க்கவில்லை. ஒன்றன்பின் ஒன்றாகச் சுமார் 220 கிலோமீட்டர் இடைவெளியில் பறந்து, பூமியின் ஈர்ப்பு இடத்துக்கு இடம் மாறும்போது அந்த இடைவெளி நூலிழை அளவு கூடிக் குறைவதை அளந்தன. ஒரு பகுதியில் தண்ணீர் குறைந்தால் எடை குறையும், ஈர்ப்பு குறையும். இதை வைத்துத்தான் ராஜஸ்தான், பஞ்சாப், ஹரியானா பகுதியில் 2002-க்கும் 2008-க்கும் இடையில் 109 கன கிலோமீட்டர் நிலத்தடி நீர் போய்விட்டது என்று 2009-ல் கணக்குச் சொன்னார்கள். நினைத்தாலே மலைப்பாக இருக்கிறது, பூமியையே தராசில் வைத்த மாதிரி. ஆனால் அந்தத் தராசின் தட்டு மிகப் பெரியது. சில நூறு கிலோமீட்டர் அகலத்துக்குக் குறைவான எதையும் அதால் தனியே பிரித்துப் பார்க்கமுடியாது. பல்லடமும் பாலக்காடும் ஈரோடும் அதற்கு ஒரே புள்ளி. போதாததற்கு ஏரி, அணை, மண்ணின் ஈரம், நிலத்தடி நீர் எல்லாம் சேர்ந்த மொத்த எடையைத்தான் அது சொல்லும். அதிலிருந்து மற்றதையெல்லாம் கழித்துத்தான் நிலத்தடி நீரைப் பிரிக்கவேண்டும். அந்தக் கழித்தல் சரியா என்று பார்க்கக் கடைசியில் கிணற்றுக்குள் கயிறு விட்டவரிடம்தான் வரவேண்டியிருக்கிறது.

மத்திய நிலத்தடி நீர் வாரியம் 1969-லிருந்தே நாடு முழுக்கக் கண்காணிப்புக் கிணறுகளை அளந்துவருகிறது, பொதுவாக வருஷத்துக்கு நான்கு முறை. பெரிய வேலை, குறை சொல்லவில்லை. ஆனால் எங்கள் மண்ணுக்கு நான்கு முறை போதாது. ஏன் என்பது பாறையில் இருக்கிறது.

கொங்குப் பகுதியில் மேலே கொஞ்சம் மண், அப்புறம் சிதைந்த பாறை, அதற்குக் கீழே கெட்டிப்பாறை. தண்ணீர் நிற்பது சிதைந்த பாறையின் இடுக்கிலும் கீழே உள்ள வெடிப்புகளிலும்தான். மத்திய அரசின் மதிப்பீட்டு முறையில் இந்த மாதிரிச் சிதைந்த பாறைக்கு 100-க்கு 1.5 முதல் 3 பங்குதான் எடுக்கக்கூடிய தண்ணீர் என்று வைத்துக் கணக்கிடுகிறார்கள். 2 பங்கு என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். நீர்மட்டம் ஒரு மீட்டர் ஏறினால் அந்த ஏக்கருக்கடியில் சேர்ந்திருப்பது சுமார் 81 கன மீட்டர், அதாவது 81,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் ஏழு லோடு கூட வராது. கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பவனுக்கோ ஒரு மீட்டர் தளதளவென்று ஏறித் தெரியும். கிணறு வெற்றுக்குழி, அதில் முழுக்கத் தண்ணீர் நிற்கும். சுற்றியிருப்பது பாறை, அதில் கீறலில் மட்டும். அந்த ஏமாற்றத்தில்தான் ஒரு நல்ல மழை பெய்ததும் நாங்கள் எல்லாரும் வாழைக்கு மாறுகிறோம்.

இடம் கொஞ்சமாக இருப்பதால் மட்டம் சட்டென்று ஏறும், சட்டென்று இறங்கும். இரண்டு அளவுகளுக்கு நடுவே ஒரு முழுக் கதையே நடந்து முடிந்துவிடும். மாதாமாதம் அளக்கிற ஒருவரிடம்தான் அந்தக் கதை தங்கும். அப்பாவின் நோட்டில் எனக்குப் பிடித்த விஷயமே அதுதான். வரைபடமாகப் போட்டதும் ஒரு தாளம் தெரிந்தது, வருஷம் விட்டு வருஷம் ஒரு மேடு. மழையோடு அது பொருந்தவில்லை. பிஏபி பாசனப் பரப்பு சுமார் 3.77 லட்சம் ஏக்கரை நான்கு மண்டலமாகப் பிரித்து, ஒவ்வொரு மண்டலத்துக்கும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை தண்ணீர் விடுகிறார்கள். எங்கள் மண்டலத்துக்கு வாய்க்கால் திறந்த வருஷமெல்லாம் கிணறு ஏறியிருக்கிறது. வாய்க்கால் ஓடினால் கிணறு ஊறும் என்பது ஊருக்கே தெரியும், புதிதல்ல. எத்தனை அடி ஊறும், எத்தனை மாதம் தாங்கும் என்பது அந்த நோட்டில் மட்டும்தான் இருந்தது.

இன்னொரு கூத்தையும் சொல்லிவிடுகிறேன். 2011-க்குப் பிறகு எல்லா அளவும் மொத்தமாக 2 அடி கீழே இறங்கியிருந்தது. பக்கத்துத் தோட்டங்களில் போர் கூடியதன் விளைவு என்று முடிவு கட்டி, நண்பர்களிடமெல்லாம் விளக்கிவைத்திருந்தேன். ஒருநாள் அம்மா காதில் விழுந்தது. "அந்த வருஷந்தானே கன்னுக்குட்டி உழுந்துருச்சுன்னு கெணத்துச் சுவத்தை ரெண்டடி ஏத்திக் கட்டுனோம்?" என்றார். அப்பா எப்போதும் சுவரின் மேல்விளிம்பிலிருந்துதான் அளப்பார். இறங்கியது தண்ணீர் அல்ல, ஏறியது சுவர்.

ஆகவே நீங்கள் தொடங்கினால் முதலில் கைப்பிடிச் சுவரில் ஓரிடத்தில் பெயிண்டால் ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோடு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். சுவரை மாற்றினால் அதையும் தேதியோடு எழுதுங்கள். எப்போதும் அந்தக் கோட்டிலிருந்தே அளங்கள், விடியற்காலையில், மோட்டார் போடுவதற்கு முன்னால். பக்கத்துத் தோட்டத்து மோட்டார் ஓடிக்கொண்டிருந்தால் ஓரத்தில் குறித்துவிடுங்கள். கயிறு நனைந்தால் அதன் நீளம் மாறும், அதனால் இரும்பு டேப் நல்லது. கடைசி இரண்டு மூன்று அடிக்குச் சுண்ணக்கட்டியைத் தேய்த்து, டேப்பை ஒரு முழு எண் வரை இறக்கி, நனைந்த நீளத்தைக் கழித்தால் சரியான அளவு கிடைக்கும். சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்க வேண்டியதில்லை. வருஷத்துக்கு ஒருமுறை கல் தரையைத் தட்டும் ஆழத்தையும் அளந்துவையுங்கள். சேறு படிந்தாலும் தூர் வாரினாலும் கிணற்றின் அடியே மாறிவிடும்.

மோட்டார் இறக்கிய போரில் டேப் விடாதீர்கள். குழாயிலும் ஒயரிலும் சிக்கினால் மேலே வராது. அரசு இதற்கென்றே மோட்டார் இல்லாத ஆய்வுத் துளைகளைப் போட்டு வைத்திருக்கிறது, சிலவற்றில் தானாகவே மட்டத்தைப் பதிவு செய்யும் கருவியும் உண்டு. அந்த மாதிரிக் கருவி எவ்வளவு நுட்பமானது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 2004 டிசம்பர் 26 சுமத்ரா நிலநடுக்கத்தின் அலை போய்ச் சேர்ந்தபோது, உலகின் மறுபக்கத்தில், அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஒரு கண்காணிப்புக் கிணற்றில் தண்ணீர் சுமார் 3 அடி ஏறி இறங்கியது பதிவாகியிருக்கிறது. படிக்கல் கட்டிய கயிற்றிடம் அதையெல்லாம் எதிர்பார்க்காதீர்கள்.

அளந்ததை யாரிடம் கொடுப்பது என்றால், மத்திய அரசு 2022 செப்டம்பரில் கொண்டுவந்த ஜல்தூத் செயலியில் ஊராட்சி அளவில் ஊருக்கு இரண்டு மூன்று கிணறுகளைப் பருவமழைக்கு முன்னும் பின்னும் அளந்து ஏற்றுகிறார்கள். உங்கள் ஊரில் எந்தக் கிணறு என்று ஊராட்சி அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். அந்த இரண்டு அளவுகளுக்கு நடுவில் உள்ள பத்து மாதம் உங்கள் நோட்டில் இருக்கும். ஆய்வு மாணவர்கள் யாராவது வந்தால் எக்செல்லோடு நோட்டையும் காட்டுங்கள்.

அப்பா இப்போதும் எழுதுகிறார். போன வருஷத்துக்கு முந்தின கோடையில் ஒரு மாதம் கிணறு மறுபடி வறண்டது. அந்தத் தேதிக்கு நேராக, பால் கணக்கு எழுதும் அதே சிவப்பு மசியில், "காலை 6 மணி. கல் தரையைத் தட்டுச்சு. 84½ அடி. தண்ணி இல்லை" என்று இருக்கிறது. அரை அடி சேறு படிந்திருப்பதைக்கூட அவரேதான் கண்டுபிடித்தார்.