ஏர்லைன்ஸ் தள்ளாடுது, டிக்கெட் காசு திரும்ப வருமா?

கேள்வி: மேடம் வணக்கம், நான் மதுரை. அடுத்த மாசம் குடும்பத்தோட அஞ்சு பேர் சென்னைல இருந்து அந்தமான் போக டிக்கெட் போட்டிருந்தோம். போற டிக்கெட்ட ஏர்லைன்ஸ் வெப்சைட்லயே கிரெடிட் கார்டுல எடுத்தேன், வர்ற டிக்கெட் எங்க ஊர் டிராவல்ஸ்காரருக்கு ஜிபே பண்ணி எடுத்தது. அந்த ஏர்லைன்ஸ்ல சம்பளமே ஒழுங்கா குடுக்கலன்னும் பிளைட்ட லீசுக்கு விட்டவங்க திருப்பி கேக்குறாங்கன்னும் நியூஸ் வந்துகிட்டே இருக்கு. போன வாரம் போற பிளைட் கேன்சல்னு மெசேஜ் வந்துச்சு, காசு கிரெடிட் ஷெல்ல இருக்கு, ஒரு வருஷத்துக்குள்ள யூஸ் பண்ணிக்கோங்கன்னு போட்டிருக்காங்க. வர்ற பிளைட் இன்னும் கேன்சல் ஆகல. டிராவல்ஸ்காரர கேட்டா "கம்பெனி குடுத்தா நான் குடுக்குறேன்"னு சொல்றார். கன்ஸ்யூமர் கோர்ட் போகலாமா, இல்ல கொஞ்சம் வெயிட் பண்ணி பாக்கவா?

பதில்: வணக்கம் சார். வெயிட் மட்டும் பண்ணாதீங்க. கம்பெனி ஓடிகிட்டு இருக்குற வரைக்கும்தான் நீங்க பணம் கேக்குற கஸ்டமர், அது திவால்னு என்சிஎல்டிக்கு (கம்பெனி திவால் கேஸ விசாரிக்கிற தீர்ப்பாயம்) போயிட்டா அன்னைல இருந்து நீங்களும் அதுக்கு கடன் குடுத்த ஆயிரக்கணக்கான பேர்ல ஒருத்தர், அதுவும் வரிசைல ரொம்ப பின்னாடி.

கோ ஃபர்ஸ்ட்னு ஒரு ஏர்லைன்ஸ் விஷயத்துல நடந்தத பாருங்க. 2023 மே 2ஆம் தேதி அவங்களே என்சிஎல்டில மனு போட்டாங்க, மூணு நாளைக்கு மட்டும் பிளைட் இல்லன்னு சொன்னாங்க, அப்புறம் அது ஒரு வாரமாச்சு, ஒரு மாசமாச்சு, கடைசில ஒரு பிளைட் கூட திரும்ப பறக்கவே இல்ல. மே 10ஆம் தேதி மனுவ ஏத்துகிட்டு மொரட்டோரியம் போட்டாங்க. 2025 ஜனவரி 20ஆம் தேதி கம்பெனிய கலைச்சிடுங்கன்னு ஆர்டர். ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல்ல நின்னுச்சு, சுப்ரீம் கோர்ட் அத கலைக்க சொன்னது 2024 நவம்பர்ல. அஞ்சரை வருஷம் சார், லீவுக்கு டிக்கெட் போட்ட குடும்பம் அவ்வளவு நாள் இத பின்னாடி தொரத்த முடியுமா?

மொரட்டோரியம்னா திவால் சட்டம் பிரிவு 14. அது வந்துட்டா கம்பெனி மேல புதுசா கேஸ் போட முடியாது, ஏற்கனவே போட்டதும் அப்படியே நிக்கும், கன்ஸ்யூமர் கோர்ட் கேஸும் அதுல அடங்கும். அதுக்கப்புறம் உங்களுக்கு இருக்குற வழி ரெசல்யூஷன் புரொபஷனல், அதாவது திவாலான கம்பெனிய பாத்துக்க நியமிக்கிற அதிகாரி கிட்ட கிளைம் ஃபார்ம் போடுறதுதான். சர்வீசுக்கு முன்பணம் குடுத்தவங்களும் ஆபரேஷனல் கிரெடிட்டர்தான் (வியாபாரத்துல பாக்கி வர வேண்டியவங்க)னு சுப்ரீம் கோர்ட் 2022ல ஹிட்ரோ எனர்ஜி கேஸ்ல சொல்லியிருக்கு, அதனால கிளைம் போடுற உரிமை இருக்கு. ஆனா காசு எங்க இருந்து வரும்? நம்ம ஊர்ல பெரும்பாலான ஏர்லைன்ஸ் ஓட்டுற பிளைட் அவங்களோடதே இல்ல, எல்லாம் லீசுக்கு எடுத்தது. கோ ஃபர்ஸ்ட் பிளைட்டுங்கள லீசுக்கு விட்டவங்க டெல்லி ஹைகோர்ட் போய் 2024 ஏப்ரல்ல ஆர்டர் வாங்கி எடுத்துகிட்டு போயிட்டாங்க. மிச்சம் இருக்கிறத விக்கும்போது அதே சட்டத்தோட பிரிவு 53 வரிசைப்படி திவால் நடைமுறை செலவு, பேங்க், தொழிலாளர் சம்பளம், கவர்மென்ட் பாக்கின்னு எல்லாம் போனப்புறம்தான் பயணிங்க வருவாங்க, பெரும்பாலும் அந்த இடத்துக்கு வர்றப்போ சட்டில ஒண்ணும் இருக்காது. இங்கிலாந்துல பேக்கேஜ் டூர் எடுத்தவங்களுக்கு அடோல்னு ஒரு பாதுகாப்பு திட்டம் இருக்கு, 2019ல தாமஸ் குக் மூடினப்போ வெளிநாட்டுல மாட்டினவங்கள அரசாங்கமே கூட்டிட்டு வந்துச்சு. நம்ம நாட்டுல அந்த மாதிரி ஒரு நிதி இல்ல, இது எனக்கு ரொம்ப நாளா இருக்குற ஆதங்கம், டிக்கெட்டுக்கு அம்பது ரூபா சேத்து வாங்கினா கூட ஜனங்க சந்தோஷமா குடுப்பாங்க.

சரி உங்க விஷயத்துக்கு வர்றேன். போற டிக்கெட்ட கேன்சல் பண்ணது ஏர்லைன்ஸ், அதனால முழு காசும் திரும்ப கேக்க உங்களுக்கு உரிமை உண்டு. கிரெடிட் ஷெல்ல வைக்கணுமா வேணாமான்னு முடிவு பண்றது பயணிதான், ஏர்லைன்ஸ் தானா அப்படி வைக்க கூடாதுன்னு டிஜிசிஏ (விமான போக்குவரத்த கண்காணிக்கிற அரசு அமைப்பு) ரீஃபண்ட் விதியிலேயே இருக்கு. ஆட்டம் காணுற கம்பெனியோட கிரெடிட் ஷெல்லுங்கிறது வெறும் நம்பர்தான், அத ஒரு தடவ கூட யூஸ் பண்ணாதீங்க, ஒத்துகிட்டதா அர்த்தம் ஆயிடும். இன்னைக்கே ஒரு மெயில் போடுங்க, "எனக்கு கிரெடிட் ஷெல் சம்மதமில்ல, கட்டின அதே கார்டுக்கு முழு பணத்தையும் திருப்பி போடுங்க"ன்னு, பிஎன்ஆர் நம்பர், கேன்சல் மெசேஜோட ஸ்கிரீன்ஷாட் சேத்து. ஏர்சேவாங்கிற அரசாங்க புகார் தளத்துல ஒரு கம்ப்ளைன்ட்டும் போட்டுடுங்க.

அதோட நிக்காதீங்க, நேரா கார்டு குடுத்த பேங்க்ல சார்ஜ்பேக் கேளுங்க. உங்க கைல இருக்குறதுலயே பலமான ஆயுதம் இதுதான், ஆனா பாதி பேருக்கு இப்படி ஒண்ணு இருக்குன்னே தெரியல. காசு கட்டின சர்வீஸ் கிடைக்கலன்னு டிஸ்ப்யூட் ஃபார்ம் குடுத்தா உங்க பேங்க் ஏர்லைன்ஸோட பேங்க்ல இருந்து பணத்த திரும்ப எடுக்க பாக்கும், பேங்குக்கும் பேங்குக்கும் நடுவுல நடக்குறதால என்சிஎல்டி வரிசைக்காக நீங்க காத்திருக்க தேவையில்ல. இதுக்கு கெடு உண்டு, பொதுவா பயண தேதில இருந்து 120 நாள்னு வைப்பாங்க, ஆனா பேங்குக்கு பேங்க் மாறும், கால் சென்டர்ல கேட்டு எழுத்துல வாங்கிக்கோங்க. கிரெடிட் ஷெல்ல ஏத்துகிட்டீங்கன்னா அதையே காரணமா சொல்லி பேங்க் மறுக்கலாம், அதனாலதான் தொடாதீங்கன்னு சொன்னேன். இன்னொண்ணு, கூகுள்ல கஸ்டமர் கேர் நம்பர் தேடி போன் பண்ணாதீங்க, ஏர்லைன்ஸ் சிக்கல்ல இருக்குற நேரத்துலதான் ரீஃபண்ட் தர்றேன்னு ஓடிபி கேக்குற கும்பலும் வரும்.

வர்ற டிக்கெட்தான் சிக்கல். நீங்களா கேன்சல் பண்ணா கேன்சலேஷன் சார்ஜ் போகும், ஆனா போகவே முடியாத ஊர்ல இருந்து திரும்பி வர்ற டிக்கெட்ட வச்சு என்ன பண்ணப் போறீங்க? முதல்ல ரெண்டு பிஎன்ஆரையும் போட்டு, உங்க கேன்சலாலதான் இந்த டிக்கெட்டும் வீணாச்சு, முழு ரீஃபண்ட் குடுங்கன்னு எழுதுங்க. ஒரு வாரத்துல பதில் வரலன்னா நஷ்டத்தோட கேன்சல் பண்ணிடுங்க, பாதி காசு கைக்கு வர்றது முழுசும் மாட்டிக்கிறத விட மேல். அடிப்படை கட்டணமும் ஃபியூயல் சார்ஜும் சேத்து என்ன வருதோ அதுக்கு மேல கேன்சலேஷன் சார்ஜ் போட முடியாது, ஏர்போர்ட் கட்டணம் மாதிரி வரிங்கள ஆஃபர் டிக்கெட்டா இருந்தாலும் திருப்பி தந்தே ஆகணும்.

உங்க டிராவல்ஸ்காரர் சொல்றத ஒரேடியா பொய்னு நினைக்காதீங்க. குறைஞ்ச கட்டண ஏர்லைன்ஸ்ல ஏஜென்ட்டுங்க முன்கூட்டியே ஒரு வாலட்ல பணம் போட்டு வச்சு அதுல இருந்துதான் டிக்கெட் எடுப்பாங்க, ரீஃபண்டும் அந்த வாலட்டுக்கேதான் போகும், கம்பெனி மூடினா அவர் காசும் சேந்து முடங்கிடும். ஆனா வாலட்டுக்கு ரீஃபண்ட் வந்துடுச்சுன்னா அத வச்சு அவர் வேற ஆளுக்கு டிக்கெட் போட்டுக்கலாம், உங்க பணம் அவர் கைக்கு வந்த மாதிரிதான், அதுக்கப்புறம் கம்பெனி குடுக்கலன்னு சொல்ல முடியாது. அதனால டிக்கெட் எடுத்த ரசீது, வாலட் ஸ்டேட்மென்ட், கேன்சல் போட்ட தேதி மூணையும் வாட்ஸ்அப்ல எழுத்துல கேளுங்க. உண்மையிலேயே பணத்த ஏர்லைன்ஸுக்கு கட்டி டிக்கெட்டும் எடுத்துட்டார்னா அவர் மேல கேஸ் பலவீனம்தான், ஒப்பந்த சட்டப்படி யாருக்காக வேலை செய்றோம்னு சொல்லிட்டு செஞ்ச ஏஜென்ட் பொதுவா சொந்த பொறுப்பு ஏக்க மாட்டார். வந்த ரீஃபண்ட அமுக்கி வச்சா கேஸ் நல்லா நிக்கும், ஏர்லைன்ஸுக்கு மொரட்டோரியம் வந்தாலும் அது இவர காப்பாத்தாது.

கன்ஸ்யூமர் கோர்ட் தாராளமா போகலாம். மதுரை மாவட்ட கமிஷன்லயே போடலாம், 2019 சட்டத்துல நீங்க குடியிருக்குற ஊரே போதும். அஞ்சு லட்சம் வரைக்கும் ஃபீஸ் இல்ல, ரெண்டு வருஷம் டைம் இருக்கு, ஆனா அந்த ரெண்டு வருஷத்த நம்பி உக்காராதீங்க. அதுக்கு முன்னாடி தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு போன் பண்ணி ஒரு டாக்கெட் நம்பர் (புகார் எண்) வாங்குங்க. மெயில் போட்டு பதினஞ்சு நாள்ல பதில் இல்லன்னா ரெண்டு பேருக்கும் வக்கீல் நோட்டீஸ், அப்புறம் மனு. நடுவுல கம்பெனி என்சிஎல்டிக்கு போயிட்டா பேப்பர்ல பப்ளிக் அனவுன்ஸ்மென்ட் வரும், ரெசல்யூஷன் புரொபஷனல் வந்ததுல இருந்து 14 நாள்தான் கிளைம் போட முதல் கெடு, அன்னைக்கே இந்த பேப்பர் எல்லாத்தையும் வச்சு ஆபரேஷனல் கிரெடிட்டருக்கான கிளைம் ஃபார்ம், ஃபார்ம் பி போட்டுடுங்க.